பாலைவனத்தில் ஒரு அடுப்பு

அமெரிக்கா போய் வந்தவர்கள் நயாகராவைப் பற்றியும் டிஸ்னிலாண்டைப் பற்றியும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் ஐந்து மாதம் அங்கே இருந்தும் இரண்டையும் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒரு அடுப்பு. மகள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், இடுப்பளவு உயரத்துக்குக் கட்டி, பூப் போட்ட டைல்ஸ் பதித்த அடுப்பு. ஊர் திரும்பியதும் எல்லாரும் "என்ன பார்த்தீங்க?" என்று கேட்கிறார்கள். அடுப்பு என்றால் சிரிக்கிறார்கள். உங்களிடம் சொல்லலாம். நீங்கள் அடுப்போடு பழகியவர்கள்.

என் மகள் இருப்பது அரிசோனா மாநிலத்தில் டூஸான் என்ற ஊரில். மாப்பிள்ளைக்கு அங்கே பல்கலைக்கழகத்தில் வேலை. பிரசவத்துக்கு ஒத்தாசையாக, போன வருஷம் ஏப்ரல் கடைசியில் போய் இறங்கினேன். பீனிக்ஸ் விமான நிலையத்திலிருந்து காரில் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். வழி நெடுக வெறும் காடு; அதிலும் எனக்குத் தெரிந்த காடு!

"என்ன மாப்பிள்ளை, நம்ம ராமநாதபுரம் மாதிரி சீமைக்கருவேலமா நிக்குது?" என்றேன்.

"அதுக்குப் பங்காளி அத்தை. இங்கே மெஸ்கீட்னு சொல்வாங்க. விறகைப் பையில போட்டு கடையில விக்கிறாங்க. அதுல சுட்டா தனி வாசனையாம்."

நாம் ஜே.சி.பி. வைத்துப் பிடுங்குகிற மரத்தின் உறவு, அங்கே காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. நடுநடுவே மூன்று ஆள் உயரத்துக்குக் கள்ளி மரங்கள், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. ஸவாரோ என்று பெயர். முதல் கை முளைக்கவே ஐம்பது அறுபது வருஷம் ஆகுமாம். அவசரம் என்பதையே அறியாத ஊர் என்று நினைத்துக்கொண்டேன். என் பெண்ணுக்கு அந்த ஊர்க் குணம் ஒட்டவில்லை என்பது மறுநாள் தெரிந்தது.

கொல்லைப்புறத்து அடுப்பை அவர்கள் பார்பிக்யூ என்கிறார்கள். கரிபியன் தீவுகளில் இருந்த பழங்குடிகளின் சொல், ஸ்பானியர் வாய் வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததாம். கான்கிரீட் கல்லால் மேடை. நடுவில் எரிவாயுவில் எரியும் எஃகு அடுப்பு. இரண்டு பக்கமும் தட்டு வைக்க, காய் நறுக்க இடம். அந்த இடத்தில்தான் டைல்ஸ். மெக்சிகோவில் கையால் வண்ணம் தீட்டிச் சுடும் தலவேரா டைல்ஸ், நீலமும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும். பறிக்க வேண்டியது. நான் பார்த்தபோது டைல்ஸ் இடுக்கெல்லாம் உப்புப் பூத்து, அதன்மேல் எண்ணெய்க் கறுப்பு படிந்து, மேலே பூசியிருந்த ஏதோ பளபளப்பு, வெயிலில் தோல் உரிவது மாதிரி உரிந்துகொண்டிருந்தது. ஆறு டைல்ஸில் மேல் பூச்சு சில்லுச் சில்லாகத் தெறித்திருந்தது. கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

வந்த இரண்டாம் நாள் நான் ஒரு தப்புச் செய்தேன். பித்தளைப் பாத்திரம் தேய்த்த கை சும்மா இருக்குமா? எலுமிச்சம்பழத்தை நறுக்கி, உப்பைத் தொட்டு, இடுக்கைத் தேய்த்தேன். நுரைத்துக்கொண்டு வந்தது. "பார்த்தியா, அழுக்கு எப்படிப் பொங்குது!" என்று பெருமைப்பட்டேன். பொங்கியது அழுக்கில்லை, சிமெண்ட். டைல்ஸ் நடுவே அடைக்கும் கிரவுட் என்பது சிமெண்டும் மணலும்தான். புளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் புளிப்பு பட்டால் அதை அரித்துவிடும். இங்கே குளியலறை டைல்ஸை ஆசிட் ஊற்றிக் கழுவுகிற சகோதரிகளுக்கும் இதுதான் விஷயம். பளிச்சென்று ஆவது போல இருக்கும். நாலு தரம் கழுவினால் இடுக்கு பள்ளமாகிவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெய்க் கறைக்கு, சமையல் சோடாவைக் குழைத்து அப்பி ஒரு ராத்திரி விட்டு, காலையில் துடைக்கலாம்.

மகளுக்கு அப்போது ஐந்து மாதம் முடிந்திருந்தது. மூன்றாம் நாள் காலை, கையில் ஒரு டப்பாவும் பிரஷ்ஷுமாக அவளே கொல்லைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். மூடியைத் திறந்ததும் பெயிண்ட் கடை நெடி. டப்பாவை வாங்கிப் படித்தேன். தீப்பிடிக்கும், ஆவியை முகராதே என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"என்னடி இது? வயத்துல பிள்ளையை வச்சுக்கிட்டு?"

"சீலர்மா. இடுக்கெல்லாம் மூடிட்டா தண்ணி இறங்காது, கறை பிடிக்காது. ஜூலையில மழை வந்துடும். அதுக்குள்ள முடிச்சாகணும்."

"வேற ஆள் செய்யட்டும்."

"நான்தான் செய்யணும்."

அந்த "நான்தான்" எனக்குப் புரியவில்லை. டப்பாவைப் பிடுங்கி வைத்துவிட்டேன். மத்தியானம் வரை பேச்சில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு மெக்சிகோக்கார அம்மாள். என் வயதுதான். சண்டைச் சத்தத்துக்கு மொழி வேண்டாம் போலிருக்கிறது. சாயந்திரம் தன் உறவுக்காரக் கொத்தனார் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தாள். எல்லைக்கு அப்பால் சொனோராவிலிருந்து இளம் வயதிலேயே வந்தவர். எழுபதைத் தாண்டியவர். மேடையைத் தட்டிப் பார்த்தார்; உரிந்த பளபளப்பை நகத்தால் கிள்ளி வாயால் ஊதினார். கிரவுட் போட்ட எத்தனையாம் நாள் சீலர் அடித்தீர்கள் என்று கேட்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டு, "மறுநாள்" என்றாள்.

அவர் சொன்னதை மாப்பிள்ளை எனக்குச் சொன்னார். சிமெண்ட் காய்ந்து இறுகுகிற சாமான் இல்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்துத்தான் இறுகும். உள்ளே ஈரம் இருக்கும்போதே மேலே பிளாஸ்டிக் மாதிரி ஒரு படலம் போட்டு மூடினால் அந்த ஈரம் எங்கே போகும்? சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு மேலே வரும், வெளியே போக வழியில்லாமல் படலத்துக்கு அடியில் வெள்ளையாகப் பூக்கும், கடைசியில் படலத்தையும் டைலின் மேல் பூச்சையும் தூக்கித் தள்ளும். அதன்மேல் அடுப்புச் சூடு வேறு. பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், தெறித்த ஆறு டைல்ஸை மாற்ற வேண்டும் என்றார்.

அந்த ஆறு டைல்ஸுக்காக ஒரு சனிக்கிழமை டூபாக் என்ற சிற்றூருக்குப் போனோம். டூஸானுக்குத் தெற்கே எழுபது கிலோமீட்டர். கிலோமீட்டர் என்று துணிந்து எழுதுகிறேன். அமெரிக்காவில் எங்கும் மைல் கணக்குத்தான், ஆனால் மெக்சிகோ எல்லைக்குப் போகும் இந்த ஒரு நெடுஞ்சாலையில் மட்டும் தூரப் பலகைகள் கிலோமீட்டரில் நிற்கின்றன. மெட்ரிக் முறைக்கு மாறப்போகிறோம் என்று 1980-களின் தொடக்கத்தில் நட்டார்களாம். நாடு மாறவில்லை, பலகை நின்றுவிட்டது.

போகும் வழியில், ஊரைத் தாண்டியதும் பாலைவனத்துக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு தேவாலயம். சான் ஸேவியர் டெல் பாக். 1783-ல் தொடங்கி 1797-ல் கட்டி முடித்தது. முடித்தது என்றும் சொல்ல முடியாது. ஒரு கோபுரத்துக்குக் கும்மட்டம் இருக்கிறது, இன்னொன்று இன்றைக்கும் மொட்டையாகவே நிற்கிறது. தோஹோனோ ஓதம் என்ற பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கிறது. வெளியே பந்தல் போட்டு அந்த ஊர்ப் பெண்கள் தோசைக்கல் அகலத்துக்குப் பூரி பொரித்துத் தருகிறார்கள். தேன் விட்டும் சாப்பிடலாம், அவரைக் கறி வைத்தும் சாப்பிடலாம். நான் தேன்.

உள்ளே போய்ச் சுவர் ஓவியங்களைப் பார்த்து நின்றபோது அந்த இடத்தின் கதையை மாப்பிள்ளை சொன்னார். பழைய சுண்ணாம்புப் பூச்சு பழுதானபோது, பலமாக இருக்கட்டும் என்று பின்னாளில் வந்தவர்கள் சிமெண்டைப் பூசினார்கள். நீர் இறங்காத பூச்சுகளையும் மேலே போட்டார்கள். விரிசல் வழியே தண்ணீர் உள்ளே போனது; திரும்பி வெளியே வர வழியில்லை. சுவர் உள்ளுக்குள்ளேயே ஊறி, ஓவியங்கள் உதிரத் தொடங்கிவிட்டன. பிறகு அந்தச் சிமெண்டைப் பெயர்த்துவிட்டு மறுபடியும் சுண்ணாம்பே பூசினார்கள். அந்தச் சுண்ணாம்பில் என்ன கலந்தார்கள் தெரியுமா? சப்பாத்திக்கள்ளிச் சாறு!

எனக்குச் சிலிர்த்துப் போயிற்று. நான் வளர்ந்தது காரைக்குடியில். அப்பா ஒரு பெரிய வீட்டில் கணக்குப்பிள்ளை. அந்த வீட்டில் காரை பெயர்ந்தால், சுண்ணாம்பு அரைக்கும் செக்கு ஓடுவதைப் பார்க்க நாங்கள் பிள்ளைகள் கூடிவிடுவோம். கடுக்காய் ஊறிய தண்ணீர், வெல்லம், மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. அரைத்து, புளிக்கவிட்டு, மறுபடி அரைத்து. "எப்போ பூசுவீங்க?" என்று தினம் கேட்போம். "பொறு ஆத்தா" என்பார் கொத்தனார். ஆத்தங்குடிக் கல்லைக்கூட அச்சில் வார்த்ததும் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போட்டுத்தானே எடுப்பார்கள்! தண்ணீரை வெளியே நிறுத்தவும் வேண்டும், உள்ளே இருப்பது வெளியேற வழியும் வேண்டும். உலகத்தின் அந்தக் கோடியிலும் யாரோ ஒரு கொத்தனார் கள்ளியைப் பிழிந்து இதையே கண்டுபிடித்திருக்கிறார். திரும்பும்போது காரில் மகளிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே கடைசியில் வேலை தொடங்கியது. பழைய கிரவுட்டைச் சுரண்டும்போது வரும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அதில் மணல் துகள் இருக்கிறது. கொத்தனார் முகமூடி கட்டிக்கொண்டு தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினார். மகளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். புது கிரவுட்டைக் குழைத்து ரப்பர் பலகையால் இடுக்கில் அழுத்தித் தள்ளி, ஈரப் பஞ்சால் டைல்ஸைத் துடைத்தார். கையுறை இல்லாமல் சிமெண்டைத் தொடாதீர்கள், கை வெந்துபோகும். எஃகு அடுப்பும் டைல்ஸும் சேரும் இடத்தில் கிரவுட் வைக்காமல் ஒரு நூல் இடைவெளி விட்டார். சூட்டில் இரும்பு விரியுமல்லவா, அதற்கு இடம்.

அந்த ஊர் வெயிலில் ஒரு சங்கடம். காற்றில் ஈரம் பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். துவைத்த துணி அரைமணியில் மொறுமொறு. கிரவுட் தண்ணீர் குடிப்பதற்குள் காற்று குடித்துவிடும். நனைந்த வெள்ளைத் துணி போட்டு மூன்று நாள் மூடி வைக்கச் சொன்னார் கொத்தனார். சாயத்துணி ஆகாது, வெள்ளை கிரவுட்டில் இறங்கிவிடும். வீட்டில் வெள்ளைத் துணிக்கு எங்கே போவது?

என் பெட்டியில் இருந்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்காக, இவர் கட்டிய பழைய வேட்டிகளைத் துவைத்து மடித்துக் கொண்டுபோயிருந்தேன். இவர் போய் நாலு வருஷம் ஆகிறது. கட்டிக் கட்டிப் பட்டாக மெத்தென்று ஆன துணி. எட்டில் இரண்டை எடுத்து நனைத்து மேடைமேல் விரித்தேன். காலை, மத்தியானம், சாயந்திரம் என்று தண்ணீர் தெளித்தேன். மகள் வந்து வேட்டிக் கரையைத் தொட்டுப் பார்த்து, "அப்பாவோடதா?" என்றாள். "ஆமாம்" என்றேன். அன்றைக்கு அவ்வளவுதான்.

ஜூன் நடுவில், ஏழாம் மாதம், வளைகாப்பு. அந்த ஊர்த் தமிழ்ப் பெண்கள் இருபது பேர் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின வாரம் மறுபடி சண்டை. "பையிலே மூணு நாள் போதும்னு போட்டிருக்கும்மா. ரெண்டு வாரம் ஆச்சு. வளைகாப்புக்கு முன்னால அடிச்சு முடிச்சுடலாம்." நான் கொத்தனாரைக் கேட்டேன். 28 நாள் என்றார். மேடை ஒரு முறை ஈரத்தை அடக்கிவைத்த மேடை, அது முழுக்க மூச்சுவிடட்டும் என்றார். "டொதாவியா நோ" என்று கையை அசைத்தார். இன்னும் ஆகவில்லை என்று அர்த்தமாம். எனக்கு அந்தப் பாஷையில் தெரிந்த முதல் வாக்கியம் அதுதான்.

மகள் கொல்லைப் படியில் உட்கார்ந்து அழுதாள். அப்போதுதான் சொன்னாள். முந்தின வருஷம் மூன்றாம் மாதத்தில் ஒன்று கலைந்துபோயிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை, அப்பாவை இழந்த அம்மாவுக்கு இன்னும் ஒரு துக்கம் எதற்கு என்று. அந்த வாரமே இந்த அடுப்பைக் கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள் இரண்டு பேரும். "ஏதாவது ஒண்ணையாவது முழுசா முடிக்கணும்னு இருந்துதும்மா. கிரவுட் போட்ட மறுநாளே சீலரை எடுத்து அடிச்சுட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு, டார்ச் வெளிச்சத்துல."

நான் என்ன சொல்ல? பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டேன். இருட்டும் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள், மாப்பிள்ளை எப்படி இருந்தார், பத்து நாளில் ஒன்றுமே நடக்காதது மாதிரி வேலைக்குப் போனது, எல்லாம். இடையிடையே தண்ணீர் குடிக்கச் சொன்னேன். அந்த வெயிலில் பிள்ளைத்தாய்ச்சிக்குத் தண்ணீர்தான் முதல் மருந்து.

வளைகாப்பு நல்லபடி நடந்தது. ஐந்து வகைச் சாதமும் நானே கிளறினேன். பூசாத அடுப்பில் சமைக்கக் கூடாது என்று மேடையில் தட்டுகளை மட்டும் வைத்தோம். அதிலும் ஒரு விபத்து. ஆரத்தித் தட்டை யாரோ ஓரத்தில் வைக்க, யாருடைய முந்தானையோ பட்டு, சிவப்புத் தண்ணீர் ஒரு கை அளவு டைல்ஸ்மேல் கொட்டிவிட்டது. டைலைத் துடைத்தால் போய்விட்டது. இடுக்கு குடித்துவிட்டது. சோடா மாவு அப்பிப் பார்த்தேன். மூன்று இடுக்கில் ரோஜா நிறத்தில் நின்றேவிட்டது. "அப்பவே அடிச்சிருந்தா..." என்று மகள் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

ஜூன் கடைசியில் ஒரு விடியற்காலை, ஐந்து மணிக்கு சீலர் வேலை. வெயில் ஏறினால் டைல்ஸ் சுடும். சீலர் இறங்குவதற்குள் மேலேயே காய்ந்துவிடும். நெடி டப்பாவைக் கொடுத்துவிட்டு, தண்ணீரில் கரைத்த, இடுக்குக்குள் ஊறி இறங்கும் வகையை வாங்கியிருந்தோம். இது படலம் போடாது. நுண்துளைகளின் சுவரில் ஒட்டிக்கொண்டு, சேப்பங்கிழங்கு இலைமேல் தண்ணீர் நிற்கிற மாதிரி நீரை விலக்கும். உள்ளேயிருந்து ஆவி வெளியே போகும். எரிவாயுவை மூடினோம். கையுறை போட்டுக்கொண்டு சின்ன பிரஷ்ஷால் இடுக்கில் மட்டும் தடவினேன். ஐந்து பத்து நிமிஷத்துக்குள் டைல்மேல் நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். விட்டால் மேகம் போலப் படியும். காய்ந்ததும் இரண்டாம் பூச்சு. நெருப்பு எரியும் பகுதிக்குள் ஒரு துளிகூடக் கூடாது. அங்கே சூளைக்கல்லும் அதற்கான சாந்தும்தான். மகள் பத்தடி தள்ளி, காற்று வரும் பக்கமாக நாற்காலி போட்டு, "அம்மா, அங்கே விட்டுட்டே" என்று மேஸ்திரி வேலை பார்த்தாள். சிவந்த மூன்று இடுக்குக்கு வந்தபோது, கிளறி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அப்படியே பூசிடு" என்றாள்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல், மூன்று நாள் அடுப்பு பற்ற வைக்காமல் வைத்திருந்தோம். சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். முத்தாக நின்றால் சரி; ஒரு நிமிஷத்தில் இடுக்கு கறுத்தால் இன்னும் குடிக்கிறது என்று அர்த்தம். அந்த ஊர் வெயிலுக்கு வருஷத்துக்கு ஒரு தரம் இப்படிப் பார்த்து மறுபடி பூச வேண்டும்.

ஆனால் சொட்டு விட்டுப் பார்க்கத் தேவையே வரவில்லை. ஜூலை முதல் வாரம், மத்தியானம் வரை கொளுத்திவிட்டு, மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்தது. வருஷம் முழுக்கவே அந்த ஊருக்கு முப்பது சென்டிமீட்டர் மழைதான். அதில் பாதி இந்த இரண்டரை மாதத்தில். காற்றில் ஒரு புதர் வாசனை வரும், கற்பூரமும் தாரும் கலந்த மாதிரி. அப்புறம் ஒரே ஊற்று. இரண்டு பேரும் தாழ்வாரத்தில் நின்று பார்த்தோம். மேடைமேல் விழுந்த தண்ணீர் இடுக்கிலெல்லாம் முத்து முத்தாக உருண்டு ஓடியது. நீலமும் மஞ்சளும் புதிதாகத் தீட்டினது போல இருந்தன. மகள் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, "உதைக்கிறாம்மா" என்றாள்.

ஆவணியில் பேத்தி பிறந்தாள். மூன்று கிலோ. தாத்தா வேட்டி ஆறில்தான் அவளைச் சுற்றினோம். அடுப்பு மூடிய இரண்டையும் சுண்ணாம்புக் கறை போகாததால் தனியே எடுத்து வைத்துவிட்டேன். நான் புறப்படும்போது, சிவந்த மூன்று இடுக்கில் மஞ்சள் வெயிலுக்கு வெளுத்து, தெரிந்தவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவில் நின்றது. போன வாரம் மகள் ஒரு படம் அனுப்பினாள். பேத்தி மேடைமேல் உட்கார்ந்து ஒரு சோளக்கதிரை இரண்டு கையாலும் பிடித்துக் கடிக்கிறாள். பக்கத்தில் வெண்ணெய் கொட்டியிருக்கிறது. மகள் அடியில் எழுதியிருந்தாள்: "துடைச்சேன், போயிடுச்சு."